பொதுப்பணம் ஓர் அமானிதம்



ஆரணியை அடுத்த களம்பூரில் பட்டு நெய்வோர், பாவையும் ஊடையையும் சரிகையையும் எடைபோட்டு வாங்குவார்கள். நெய்து முடித்த சேலை மீண்டும் தராசில் ஏறும். எடை குறைந்தால் தறிக்காரர் பதில் சொல்ல வேண்டும். பிறர் பொருளைக் கையாள்பவர் கணக்குக் காட்டுவதே அமானிதத்தின் முறை.

அரசுக் கருவூலமும் அமானிதமே. அதை நிரப்புவோர் செல்வந்தர் மட்டுமல்லர். 2017 ஜூலை முதல் பட்டு நூலுக்கும் பட்டுச் சேலைக்கும் 5 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. கடையில் பொருள் வாங்கும் ஏழையும் செல்வந்தரும் ஒரே விகிதத்தில்தான் வரி செலுத்துகின்றனர்.

அந்தப் பணம் எவ்வாறு வீணாகிறது? மு.கருணாநிதி ஆட்சியில் சென்னை ஓமந்தூரார் வளாகத்தில் பல நூறு கோடி ரூபாய்ச் செலவில் சட்டமன்ற, தலைமைச் செயலகக் கட்டடம் எழுப்பப்பட்டது. பணி முழுமையடையாத நிலையில், உச்சியில் தற்காலிகக் குவிமாடம் அமைத்து 2010 மார்ச் 13 அன்று திறப்பு விழா நடந்தது. 2011 இல் ஜெ.ஜெயலலிதா ஆட்சிக்கு வந்ததும் தலைமைச் செயலகம் கோட்டைக்கே திரும்பியது. 2014 பிப்ரவரியில் அக்கட்டடம் உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று. மருத்துவமனை நன்மையே. எனினும் கட்டிய செலவையும் மாற்றிய செலவையும் சுமந்தவர்கள் மக்களே. செலவிடுபவர் ஒருவர், சுமப்பவர் வேறொருவர் என்பதே வீண்விரயத்தின் வேர்.

ஆகவே ஆட்சியாளரின் கைக்கு எல்லை வேண்டும். கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சொந்த விஷயம் பேசத் தொடங்கியதும் பைத்துல்மால் எண்ணெயில் எரிந்த விளக்கை அணைத்தார்கள் என்பர். நம் அரசியல் சாசனமும் சட்டத்தின் அனுமதியின்றி வரி விதிக்கவோ (விதி 265), கருவூலப் பணத்தை எடுக்கவோ (விதி 266) இடந்தரவில்லை. தணிக்கை அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்கிறது விதி 151.

எல்லை வகுப்பது ஏழைக்கு உதவுவதை நிறுத்துவதன்று. 1982 இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் பசித்த பிள்ளையின் வயிற்றைச் சென்றடைகிறது. விழா மேடையும் விளம்பரப் பலகையும் எவர் பசியையும் தீர்ப்பதில்லை.

எனவே, நம் திருமணங்களில் வீண்விரயத்தைத் தவிர்த்துவிட்டு ஆட்சியாளரிடம் கணக்குக் கேட்போம். 2005 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை. நம் தெருவில் போட்ட சாலைக்கு என்ன செலவாயிற்று என்பதிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

அமானிதத்தைப் பேணுவோராக வல்ல இறைவன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக!