எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறதா?

காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. பெரியவர்கள் பலர் இதைப் பித்தம் என்று சொல்லி, எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டு மறந்துபோகிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அப்படி மறக்கக் கூடாது. நம்மைக் கேட்காமலே இதயம், குடல், சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பி எல்லாவற்றையும் நடத்திவரும் தானியங்கு நரம்பு மண்டலம் பழுதாகத் தொடங்கியதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

நிற்கும்போது நடப்பது

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்குக் குறையாத ரத்தம் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதைக் கண்டுகொண்டு முகுளத்துக்குத் தெரிவிக்கின்றன. உடனே ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இதயம் வேகமெடுக்கிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைவதற்குள், சில நொடிகளில், எல்லாம் சீராகிவிடும். தானியங்கு நரம்புகள் நலிந்தவருக்கு அது நடப்பதில்லை. அதனால்தான் கண் இருட்டுகிறது.

இரண்டு பிரிவுகள்

குழாய்களைச் சுருக்கி இதயத்தை முடுக்குபவை பரிவு நரம்புகள். தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலும் இடுப்புப் பகுதியின் மேல்பாகத்திலும் தொடங்கி, முதுகெலும்பின் இருபுறமும் வரிசையாக உள்ள நரம்பு முடிச்சுகள் வழியாக உறுப்புகளை அடைகின்றன.

எதிர்ப்பரிவு நரம்புகள் மூளைத் தண்டிலிருந்தும் தண்டுவடத்தின் கீழ்க்கோடியிலிருந்தும் வருகின்றன. செரிமானத்தை நடத்துவதும் இதயத்தை நிதானப்படுத்துவதும் இவற்றின் வேலை. இவற்றில் முதன்மையானது 10ஆவது மூளை நரம்பான வேகஸ். இதயத்தை அதன் போக்கில் விட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 முறை துடிக்கும். ஓய்வில் அது 70ஐ ஒட்டி இருப்பதற்குக் காரணம் வேகஸ்தான். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்கு இந்த நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால் ஓய்விலும் நாடி பெரும்பாலும் 90க்கு மேல் இருக்கும்.

வலிக்காத மாரடைப்பு

பல ஆண்டுகள் கட்டுப்படாத சர்க்கரை முதலில் நீளமான நரம்புகளைத் தாக்குகிறது. பாதம் மரத்துப்போவதைப் பலரும் அறிவார்கள். வேகஸும் நீளமான நரம்பு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அது கெடும்போது சும்மா உட்கார்ந்திருக்கையிலேயே நாடி வேகமாக ஓடும். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் நான்கு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருபவை வேறு இரண்டு. இதயத்தின் வலியைச் சுமந்துவரும் நரம்புகளும் சேதமடைவதால் சிலருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலே வந்துவிடுகிறது. திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, கடும் சோர்வு மட்டுமே தெரியும். அடுத்தது, சர்க்கரை தாழும்போது வரும் நடுக்கம், படபடப்பு, வியர்வை ஆகிய எச்சரிக்கைகள் மறைந்துபோவது. அப்படிப்பட்டவர் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் மயங்கி விழக்கூடும். வீட்டில் உள்ளவர்கள் இந்த இரண்டையும் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

மூன்று நிமிடப் பரிசோதனை

பெரும்பாலும் நம்மை உட்காரவைத்துத்தான் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். நிற்கும்போது அழுத்தம் தாழும் கோளாறு அதில் தெரியாது. ஐந்து நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறை, எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மறுபடியும் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கோளாறு இருக்கிறது. தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

நரம்பு மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை, புராஸ்டேட் வீக்கத்துக்கான சில மாத்திரைகள், நீரிழப்பு, ரத்தசோகை ஆகியவையும் இதைக் கொண்டுவரும். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

காரணம் தெரியும்வரை, எழுந்ததும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கால்களை நன்றாக மடக்கி நீட்டிவிட்டு நில்லுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் விளக்கு எரியட்டும். சுடுசுடு வெந்நீர்க் குளியலும் வயிறு முட்டச் சாப்பிடுவதும் அழுத்தத்தை மேலும் தாழ்த்தும், தவிர்த்துவிடுங்கள்.

அடுத்த முறை சர்க்கரை பரிசோதனைக்குப் போகும்போது, “நிற்கவைத்தும் ஒருமுறை பிரஷர் பாருங்கள், டாக்டர்” என்று கேளுங்கள். அப்பா அம்மாவை அழைத்துப்போகிறவர்கள் அவர்களுக்காகக் கேளுங்கள்.