தந்தையார் விட்டுச் சென்ற புல்லட்

நான் பிறந்த 1989ஆம் ஆண்டில்தான் என் தந்தையார் தமது புல்லட் மோட்டார் சைக்கிளை வாங்கினார். ரயில்வே உத்தியோகத்தின் பொருட்டு ஜோலார்பேட்டையை விட்டு நாகபுரியில் குடியேறிய அவருக்கு, சென்னைத் திருவொற்றியூரில் உருவான அவ்வண்டி, நம் ஊர் மனிதர் ஒருவர் உடனிருப்பது போன்ற ஆறுதலை அளித்தது. இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் சேர்ந்து 1955இல் தொடங்கிய தொழில் அது. தாய் நிறுவனம் 1970இல் மறைந்த பின்னரும் பிள்ளை நிலைத்துவிட்டது.

தந்தையார் காலமான பின் ஈராண்டுகள் வண்டி தாழ்வாரத்திலேயே நின்றது. அதை வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார் என் தமக்கையின் கணவர். அம்மா மறுமொழி கூறவில்லை; ஆயினும் அன்றிரவு அவர் உணவு கொள்ளவில்லை.

வண்டியைக் கிளப்பிப் பார்த்தேன். சோக்கை இழுத்தால் எஞ்சின் உயிர் பெற்றது. வேகமாக முறுக்கினால் நன்றாகவே ஓடியது. கைப்பிடியை விட்டதும் அணைந்துவிட்டது. கார்ப்பரேட்டரையே மாற்ற வேண்டும் என்றார் பழுது பார்ப்பவர். மாதக் கடைசியில் அதற்குப் பணமேது? ஒரு ஞாயிறன்று நானே முனைந்தேன்.

காற்றையும் பெட்ரோலையும் உரிய அளவில் கலப்பதே கார்ப்பரேட்டரின் கடமை. எடைக்கணக்கில், ஒரு பங்கு பெட்ரோல் முற்றும் எரிய ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். கைப்பிடி மூடியிருக்கையில் பைலட் ஜெட் என்னும் சிறு துளையும், பாதி திறக்கையில் ஊசியும், முழுதும் திறக்கையில் மெயின் ஜெட்டும் பெட்ரோலை அளந்து தருகின்றன. கைப்பிடியை மூடியபோது மட்டுமே எஞ்சின் அணைந்தது. காற்றுத் திருகை எப்பக்கம் திருப்பியும் ஓட்டத்தில் மாறுதலே இல்லை. ஆகவே பைலட் ஜெட்டின்மீதே ஐயம் எழுந்தது.

மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினேன். ஈராண்டுகளாகத் தேங்கிய பெட்ரோல் உலர்ந்து, பிசினாகிப் பைலட் ஜெட்டை அடைத்திருந்தது! கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். எனவே பெட்ரோலில் ஊறவைத்து, சைக்கிள் பம்பினால் காற்றடித்து, வெளிச்சம் தெரியும்வரை தூய்மை செய்தேன்.

பிறகு பிளக், பாயின்ட், டாப்பெட், காற்று வடிகட்டி ஆகியவற்றைச் சரிபார்த்தேன். அவை பழுதாயிருப்பின் கார்ப்பரேட்டரைத் திருத்துவது வீண். காற்றுத் திருகை மெல்ல முழுவதும் உள்ளே செலுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன். எஞ்சின் நன்கு சூடேறியபின், வேகத் திருகினால் ஓட்டத்தைச் சற்றே உயர்த்தினேன். காற்றுத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பி, ஓட்டம் மிக விரைவாகவும் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்தினேன். பின்னர் வேகத் திருகைத் தளர்த்தினேன். இவ்விரண்டையும் மும்முறை செய்தபின் எஞ்சின் நிதானமாக நின்று ஓடியது.

ஓடிய பின் பிளக்கைக் கழற்றி நோக்குதல் வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எஞ்சினுக்கு ஆபத்து. இளம் பழுப்பே நன்னிறம்.

நெடுநாள் வண்டியை நிறுத்திவைக்கும் அன்பர்கள் பெட்ரோல் குழாயை அடைத்து, கிண்ணத்திலுள்ளதை வடித்துவிடுக. இக்காலத்துப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும்.

அந்தப் பழைய ‘தம் தம்’ ஒலி கேட்டு, அடுக்களையிலிருந்த அம்மா வாசலுக்கு வந்தார். சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, “அப்பா வரும் நேரத்தில் இப்படித்தான் கேட்கும்” என்றார். வண்டியை விற்கும் பேச்சு அத்துடன் நின்றது.