ஒற்றையறை வீட்டில் வைஃபைத் தாமதம்

மும்பையின் தாராவியில் ஓர் அறையே வீடாக அமைவது சாதாரணம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல இன்றும் இத்தகைய வீடுகளிலேயே வசிக்கின்றன. அறையின் ஒரு மூலையில் ரூட்டர். மறு மூலையில் பாடம் கேட்கும் மாணவனின் கையில் கைப்பேசி. இடைவெளி பத்தடிகூட இராது. எனினும் ஆசிரியரின் குரல் திடீரென நின்று, சில வினாடிகள் கழித்தே மீண்டும் கேட்கிறது. அதே அறையில் மின்சாரத்துடன் இணைத்து வைத்த மடிக்கணினியிலோ இக்குறை அவ்வளவாகத் தென்படுவதில்லை.

2020ஆம் ஆண்டில் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசி வழியே நடந்தபோது, தாமதமாய் வந்த விடையை மாணவனின் கவனக்குறைவென ஆசிரியர் எண்ணிக்கொள்ள இடமிருந்தது. பெற்றோர் கூடுதல் பணம் கட்டி அதிக வேகமுள்ள இணைப்பைப் பெறுவதும் உண்டு. ஆனால் வேகம் வேறு, தாமதம் வேறு. மாநகராட்சிக் குழாய் எவ்வளவு பெரிதாயினும் தண்ணீர் வரும் வேளைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

காத்திருப்பு பெரும்பாலும் ஆகாயத்தில்தான் நிகழ்கிறது. 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை வைஃபைக்கு உரிமம் இன்றிப் பயன்படுத்த இந்திய அரசு 2005இல் அனுமதித்தது. புளூடூத் கருவிகளும் இதே வரிசையில் இயங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. இவ்வரிசையில் 13 சானல்கள் உள்ளன என்பர். எனினும் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருங்கி நிற்க, ஒவ்வொரு ரூட்டரின் அலையோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கொள்கிறது. ஆகவே ஒன்றையொன்று தீண்டாமல் இயங்க வழக்கமாகத் தேர்ந்துகொள்ளப்படுபவை 1, 6, 11 ஆகிய மூன்று.

வைஃபைக் கருவி எதுவும் பேசுமுன் செவிமடுக்கிறது. வேறொரு கருவி பேசினால், அது முடியும்வரை பொறுத்து, பின்னும் சிறிது நேரம் தாமதித்தே அனுப்புகிறது. 1971இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அலோஹா வலையமைப்பில் இந்த மரியாதைகூட இல்லை; செய்திகள் மோதினால் மீண்டும் அனுப்பினார்கள், அவ்வளவே. தாராவியின் சந்து ஒன்றில் கைப்பேசியைத் திறந்து பார்ப்பவருக்கு அண்டை வீட்டு ரூட்டர்களின் பெயர்கள் நீண்ட பட்டியலாகத் தோன்றும். அவை யாவும் இந்த மூன்று சானல்களில் முறைவைத்துப் பேச வேண்டியவை. இவற்றினிடையே ஒருவர் 3ஆம் சானலை வைத்துக்கொண்டால், 1க்கும் 6க்கும் ஒருங்கே இடைஞ்சல் உண்டாகிறது. அவரது ரூட்டரின் பேச்சு மற்றவற்றுக்குப் பொருள் விளங்காத இரைச்சலாகவே கேட்கும்.

கைப்பேசிக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும் இக்குறை மிகுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றின் ஆன்டெனா சிறியது. ஒலிபரப்பும் சக்தியும் குறைவு. திரையில் தெரியும் கோடுகள் ரூட்டரின் குரல் கைப்பேசிக்கு எட்டும் அளவையே காட்டுகின்றன. கைப்பேசியின் குரல் ரூட்டருக்கு எட்டுகிறதா என்பதை அவை கூறுவதில்லை. இரண்டாவது காரணம் உறக்கம். பேட்டரியைச் சேமிக்கும்பொருட்டு, கைப்பேசி தன் வைஃபைப் பகுதியை அடிக்கடி உறங்கவிடுகிறது. அவ்வேளையில் வரும் செய்திகளை ரூட்டர் சேமித்து வைத்து, ஏறக்குறைய 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை வெளியிடும் அறிவிப்பில், யாருக்குச் செய்தி காத்திருக்கிறது எனத் தெரிவிக்கிறது. கைப்பேசி விழித்து, அறிவிப்பைக் கேட்டு, தன் பங்கைப் பெறுகிறது.

இக்காரணங்களைப் பிரித்தறியப் பிங் என்னும் பரிசோதனை போதும். முதலில் கைப்பேசியிலிருந்து ரூட்டரின் முகவரிக்கு ஐம்பது செய்திகள் அனுப்ப வேண்டும். அந்த முகவரி பல வீடுகளில் 192.168.1.1 என்றிருக்கும். விடைகள் சில மில்லிவினாடியில் வந்துகொண்டிருந்து, இடையிடையே நூற்றுக்கணக்கில் தாவினாலோ சில வராமலே போனாலோ, நெரிசலோ வலுக்குறைவோ காரணம். ரூட்டர் வரை ஒழுங்காயிருந்து, வெளியிலுள்ள முகவரிக்கு மட்டும் தாமதமெனில் குறை வெளிக்கம்பியிலோ ரூட்டரில் தேங்கும் வரிசையிலோ இருக்கும். வீட்டிலுள்ள மற்றொரு கைப்பேசி புகைப்படங்களை வெளியே ஏற்றிக்கொண்டிருந்தால், அந்த வரிசை நீளும். உறக்கத்தைக் காணக் கணினியிலிருந்து கைப்பேசிக்கு வினாடிக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அப்போது தெரியும் 100, 200 மில்லிவினாடித் தாமதம், கைப்பேசியில் ஒரு காணொளி ஓடும்போது மறைந்தால் காரணம் அதுவே. அது கோளாறன்று, பல வினாடி நிற்கும் பாடத்துக்கு அது பொறுப்புமன்று.

நெரிசலுக்குத் தக்க பரிகாரம் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசை. 2018 அக்டோபரில் இவ்வரிசையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. இதன் அலைகள் சுவரைக் கடக்கையில் வலுவிழக்கின்றன. மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும், செம்பூரின் கான்கிரீட் அடுக்குமாடிகளிலும் பல அறைகளுக்கு ஒரே ரூட்டர் வைத்தவர்களுக்கு இது குறையே. வலுவிழந்த கைப்பேசி வேறு ரூட்டரைத் தேடிச் சற்றுநேரம் தன் சானலை விட்டகல்வதுண்டு. அப்போதும் பாடம் நின்றுபோகும். ஒற்றையறை வீட்டிலோ அதே குறை நன்மையாகிறது. தன் அலை தனக்கு எட்டும். அண்டை வீட்டார் அலை சுவரோடு நின்றுவிடும். தகரச் சுவராயின் இன்னும் நன்று. ஏணி வைத்து ஏறும் மேல்தளத்தில் படிக்கும் பிள்ளைக்கு மட்டும் ரூட்டரைச் சற்று உயரத்தில், இரும்பு அலமாரிக்கு விலகி மாட்ட வேண்டும். பழைய கைப்பேசி சிலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வசதி கிடையாது. அவர்கள் 1, 6, 11இல் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். மாற்றங்களை ஒன்றொன்றாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் பின் மாலை நேரத்தில் பிங் எடுத்துக் குறித்துக்கொள்வது அவசியம். காலையில் அளந்தால் நெரிசல் தெரியாது.

மழைக்காலத்தில் வைஃபை கெடுகிறது என்னும் புகாரும் உண்டு. பத்தடி தூரத்தில் மழை இவ்வலைகளைப் பாதிப்பதில்லை. கூரை வழியே செல்லும் கம்பியின் இணைப்புகளில் நீர் இறங்குவதும், மின்சாரம் நின்று வருவதுமே காரணம். பல ரூட்டர்கள் இயங்கத் தொடங்கும்போது மட்டுமே தாமாகச் சானலைத் தேர்கின்றன. மின்சாரம் மீண்டதும் சந்து முழுவதும் ஒரே கணத்தில் விழிக்கையில், ஒன்றின் குரல் மற்றொன்றுக்குக் கேட்குமுன் பல ரூட்டர்கள் ஒரே சானலில் போய்ச் சேர நேரலாம். அரைமணி கழித்துத் தம் ரூட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்கினால், அது அப்போதுள்ள கூட்டத்தைக் கேட்டு இடம் தேர்ந்துகொள்ளும்.