இரவு வயலுக்கு எந்த ரோச்?

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியின் பெரும்பகுதிக்குக் கொண்டுவர முடியாதிருந்த பொருட்களுள் ரோச் பற்றரியும் ஒன்று. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு எரித்த திரியே அன்று எமது குடும்பங்களின் வெளிச்சம். இன்று கடைகளில் எல்.ஈ.டி ரோச்சுகள் பலவிதமாகத் தொங்குகின்றன. "10,000 லூமென்", "2 கிலோமீற்றர்" என்று பெட்டிகள் பேசுகின்றன. சாமத்தில் வாய்க்கால் திருப்பப் போகிறவரும், பன்றிக் காவலுக்குக் கொட்டிலில் இருப்பவரும் அவற்றை நம்பி வாங்குகிறார்கள். புடையன் கிடக்கும் வரம்பில் ரோச் இடைநடுவில் அணைந்தால் இழப்பது காசு மட்டுமல்ல. ஆகவே பெட்டியில் உள்ளதைச் சோதித்தறியும் வழிகளை இங்கு தருகிறோம்.

லூமென் என்பது ரோச் வெளிவிடும் ஒளியின் மொத்த அளவு. நல்ல எல்.ஈ.டி ஒரு வாற்று மின்சாரத்தில் ஏறத்தாழ 100 லூமென் தரும். பெரும்பாலான ரோச்சுகளில் உள்ள 18650 என்னும் லிதியம் மின்கலம் 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. 3000 மில்லி அம்பியர் மணி உள்ள ஒரு கலத்தில் சுமார் 11 வாற்று மணி சக்தியே இருக்கிறது. எனவே 1000 லூமென் ஒளியை அது ஒரு மணித்தியாலமளவில் தரும். 200 லூமென் என்றால் ஐந்து மணித்தியாலம் தரும். 10,000 லூமென் கேட்டால் ஆறேழு நிமிடத்தில் சக்தி தீர்ந்துவிடும். ஒற்றைக் கலத்தில் 10,000 லூமென் இரவு முழுவதும் எரியும் என்பது நடவாத காரியம்.

கலத்தின் மேலுறையில் "9900" என்றிருந்தால் அதையும் நம்பவேண்டாம். இந்த அளவுக் கலம் பொதுவாக 3500 ஐத் தாண்டுவதில்லை. நல்ல கலம் 45 கிராம் அளவில் இருக்கும். தராசில் வைத்துப் பாருங்கள்; நிறை மிகக் குறைவென்றால் உள்ளே சரக்கும் குறைவு.

2009 இல் அமெரிக்காவில் ரோச்சுகளுக்கென ஒரு தர அளவீட்டு முறை வகுக்கப்பட்டது. அதன்படி, எரியத் தொடங்கி 30 செக்கன் கழிந்த பின்பே ஒளி அளக்கப்படும். ஒளி பத்திலொன்றாகக் குறையும் வரையுள்ள நேரமே எரியும் நேரம். தூரம் என்பது, பூரணை நிலவளவு வெளிச்சம் போய் விழும் எல்லை. பெட்டியில் "பத்து மணித்தியாலம்" என்றிருந்தால், அதிற் பெரும்பகுதி மங்கிய ஒளியாகவும் இருக்கலாம் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று:

1. ஐம்பது அடி எட்டில் ஒரு தடியில் வெள்ளைத் துணி கட்டுங்கள். முழுதாக மின்னேற்றிய ரோச்சை எரியவிட்டு, அரை மணிக்கு ஒரு தடவை துணி தெரிகிறதா எனப் பாருங்கள். துணி மறையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். அதுவே உங்கள் வேலைக்கு உதவும் நேரம்.

2. இடுப்பளவு உயரத்திலிருந்து மண் தரையில் சில தடவை விழவிடுங்கள். ஒளி துடித்தால் உள்ளிணைப்பு தளர்வானது.

3. மூடியில் இறப்பர் வளையம் உண்டா எனப் பாருங்கள். மாரியில் அது இல்லாத ரோச் நிலைக்காது. ஐபிஎக்ஸ் 4 என்பது தண்ணீர் தெறிப்பைத் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும்.

மின்னேற்றும்போது ரோச்சைப் பாயிலோ கிடுகுக் கூரையருகிலோ வைக்காதீர்கள். நித்திரைக்குப் போகுமுன் கழற்றிவிடுங்கள். வீங்கிய, நசிந்த கலத்தைப் பாவிக்கவும் கூடாது, குப்பையோடு எரிக்கவும் கூடாது. யானையைத் தூரத்திலேயே கண்டு விலகுவதற்கே ரோச் உதவும். அதை விரட்டும் ஆயுதமாக நம்பி நெருங்கவேண்டாம்.

கமக்காரர் அமைப்பினர் முதலில் ஒரு ரோச்சை மட்டும் வாங்கி, இவ்வாறு சோதித்த பின்பு மற்றவர்களுக்கும் சேர்த்து வாங்கினால் பல குடும்பங்களின் பணம் மிஞ்சும். காவலுக்குப் போகிறவர் மடியில் சிறிய மாற்று ரோச் ஒன்றும் இருக்கட்டும்.