எல்டோரெட்டில் யாரைக் கேட்பது?

கென்யாவிலும் டீக்குப் பெயர் சாய்தான். நம்மைப் போலவே பாலும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். அந்த நாட்டின் மேற்கே, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் எல்டோரெட் என்று ஓர் ஊர். அமெரிக்க இளம் டாக்டர்கள் ஓரிரு மாதம் வெளிநாட்டு மருத்துவமனையில் பயிற்சி பெறும் ஏற்பாட்டைப் பற்றி யார் கேட்டாலும் நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

மேற்படிப்பில் இருக்கும் டாக்டரை நாம் பி.ஜி. என்கிறோம். அமெரிக்காவில் அவர் ரெசிடென்ட், கென்யாவில் ரெஜிஸ்ட்ரார். ஒரு ரெசிடென்ட் எல்டோரெட் போக வேண்டுமென்றால் விமான டிக்கெட் சின்ன விஷயம். கென்ய மருத்துவ கவுன்சிலின் அனுமதி வேண்டும். அமெரிக்காவில் ரெசிடென்ட் பயிற்சிச் செலவில் பெரும்பங்கை மெடிகேர் என்ற அரசுத் திட்டம் தருகிறது. அவர் வெளிநாட்டில் இருக்கும் நாட்களுக்குத் தராது. அந்தச் சம்பளத்துக்குத் துறை வேறு வழி பார்க்க வேண்டும். வார்டில் ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை உடனே, அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். நடுராத்திரியில் அது எங்கே கிடைக்கும் என்பது கிளம்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் ஒருமுறை உட்கார்ந்து எழுதினால் முடிந்துவிடும். முடியாத வேலை வார்டில் இருக்கிறது. புதிதாக வந்தவருக்கு சுவாஹிலி தெரியாது. மருந்தகத்தில் இன்று எந்த மருந்து இருக்கிறது, ஸ்கேன் எழுதினால் அந்தக் குடும்பம் எதை விற்றுக் கட்டும் என்பதும் தெரியாது. பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பவர் கென்ய ரெஜிஸ்ட்ரார். அவருக்கோ கட்டில் நிறைய நோயாளிகள். மாதாமாதம் புது முகம் வந்தால் மாதாமாதம் முதலிலிருந்து. அவர் நேரத்துக்குக் கணக்கு வைக்காத எந்த ஏற்பாட்டையும் என்னால் நல்லது என்று சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகமும் எல்டோரெட்டின் மோய் பல்கலைக்கழகமும் 1989-இல் கைகோத்தபோது இதற்கு ஒரு வழி கண்டன. இண்டியானாவின் மூத்த டாக்டர் ஒருவர் எல்டோரெட்டிலேயே குடியிருப்பார்; ரெசிடென்ட்கள் மாறினாலும் அவர் இருப்பார். மோய் மாணவர்களும் இண்டியானா போய்ப் படித்து வந்தார்கள். எச்.ஐ.வி. நோயாளிகள் வார்டுகளை நிறைத்தபோது பத்தாண்டுக்கு மேல் பழகிய மனிதர்கள் அங்கே இருந்தார்கள். 2001-இல் ஆம்பாத் என்ற சிகிச்சைத் திட்டம் எழுந்தது அந்தப் பழக்கத்தின் மேல்தான். இத்தகைய பயிற்சிகளுக்காக 2010-இல் வெளியான நெறிமுறைகளும், வரவேற்கும் மருத்துவமனைக்கு ஆகும் உண்மையான செலவைக் கணக்கில் எடுக்கச் சொல்கின்றன.

ஆகவே ஒப்பந்தம் எழுதும் முன் அங்கே போய் ரெஜிஸ்ட்ரார்களோடு ஒரு சாய் குடியுங்கள். ஒரு நேரத்தில் எத்தனை பேரைத் தாங்க முடியும், எந்த மாதங்களில் தேர்வு என்று கேளுங்கள். நீங்கள் தருவதாகச் சொன்ன கருவியையும் பணத்தையும் அந்தப் பேச்சில் கலக்காதீர்கள். கலந்தால், "இந்த வருடம் யாரையும் அனுப்ப வேண்டாம்" என்று சொல்ல நினைப்பவருக்கு வாய் வராது.