மருத்துவமனைக்கு வெளியே ஓர் அறை

குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று யாராவது சொன்னால், என்ன நோய், எந்த டாக்டர், எவ்வளவு செலவு என்று கேட்போம். கூட இருக்கும் அம்மா அப்பா ராத்திரி எங்கே படுக்கிறார்கள், எங்கே குளிக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. சில நோய்களில் குழந்தை பிழைப்பதே இந்தக் கேள்விகளின் பதிலைப் பொறுத்தது. அது எப்படி என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

முதலில் ஒரு பழைய கதை. 1950-கள் வரை இங்கிலாந்தின் பல மருத்துவமனைகளில் பெற்றோர் குழந்தையைப் பார்க்கவே நேரக் கட்டுப்பாடு இருந்தது. பெற்றோர் வந்து போனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் 'சமத்தாக' இருக்கிறது என்பது அன்றைய கணக்கு. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர், எட்டு நாள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைப் படம் பிடித்து 1952-ல் வெளியிட்டார். அந்த அமைதி சமத்து இல்லை, குழந்தை மனசொடிந்து போயிருக்கிறது என்பதைப் படம் காட்டியது. 1959-ல் வந்த பிளாட் குழு அறிக்கை, பெற்றோரைத் தடையில்லாமல் அனுமதிக்கச் சொன்னது. கதவு மெல்லத் திறந்தது.

கதவு திறந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. உள்ளே வந்த பெற்றோர் எங்கே தங்குவது?

பிலடெல்பியா, 1974

பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஃபிரெட் ஹில். அவருடைய மகள் கிம்முக்கு மூன்று வயதில் ரத்தப் புற்றுநோய். நல்ல வேலையில் இருந்த அவரும் மனைவியும்கூட மருத்துவமனை நாற்காலியிலும் பெஞ்சிலும் தூங்கி, இயந்திரத்தில் காசு போட்டு எடுத்த தின்பண்டத்தைச் சாப்பிட்டு நாளைக் கடத்தினார்கள். தூர ஊரிலிருந்து வந்து அறை எடுக்க வசதியில்லாத குடும்பங்களையும் அங்கேதான் பார்த்தார்கள்.

அதே நகரில் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர் ஆட்ரி எவன்ஸ் இருந்தார். குழந்தைக்கு நோய் வந்தால் மொத்தக் குடும்பத்துக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அவர் கட்சி. ஈகிள்ஸ் அணியின் பொது மேலாளர் ஜிம்மி மர்ரி உதவ வந்தபோது, மருத்துவமனைக்குப் பக்கத்தில் குடும்பங்கள் தங்க ஒரு வீடு வேண்டும் என்று கேட்டார். மர்ரி மெக்டொனால்ட்ஸிடம் போனார். 'ஷாம்ராக் ஷேக்' என்ற பச்சை நிற மில்க் ஷேக் விற்ற பணம் அந்த வீட்டுக்கு வந்தது, கம்பெனியின் கோமாளிச் சின்னமான ரொனால்ட் மெக்டொனால்டின் பெயரும் வீட்டுக்கு வந்தது. 1974 அக்டோபரில் திறந்த அந்த ஒரு வீடு இன்று உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்ட வீடுகளாகப் பெருகியிருக்கிறது. கிம் 44 வயது வரை வாழ்ந்து 2011-ல் காலமானார்.

பர்கர் விற்கும் கம்பெனி, நோயாளிக் குழந்தைகளின் வீட்டுக்குத் தன் சின்னத்தின் பெயரை வைப்பது எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. விளம்பரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு அந்த அறையை வேறு யாரும் கட்டித் தரவில்லை என்பதும் உண்மை.

ஆறுதல் எப்படி மருந்தாகிறது?

எங்கள் தொழிலில் ஒரு சர்வர் பேசாமல் போய்விட்டால், புரோகிராமைத் திறப்பதற்கு முன்னால் கரண்ட் வருதா, கேபிள் சொருகியிருக்கா என்று பார்ப்போம். சிகிச்சைக்கும் அப்படிப்பட்ட அடித்தளங்கள் இருக்கின்றன.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம் ஓடும். முதல் நாலைந்து வாரத்திலேயே பெரும்பாலான குழந்தைகளுக்கு நோயின் அறிகுறி மறைந்துவிடும். குழந்தை ஓடியாடும், சாப்பிடும். கையில் பணம் தீர்ந்து, ஊரில் இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டு, நடைபாதையில் படுத்திருக்கும் அப்பாவுக்கு அப்போது என்ன தோன்றும்? 'சரியாயிடுச்சு, ஊருக்குப் போயிடலாம்.' மீதி மருந்து போகாவிட்டால் நோய் பெரும்பாலும் திரும்பி வரும். இதை மருத்துவத்தில் சிகிச்சையைக் கைவிடுதல் என்கிறார்கள். பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் அது 30 சதவீதத்துக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு அது சொல்லும் காரணங்களில் இந்தக் கைவிடுதலும் ஒன்று.

இன்னொன்று, கிருமி. மருந்து உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடித்துப் போட்டிருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பது நடைமுறை. ஊர் ஐந்து மணி நேரம் தள்ளி இருந்தால் என்ன செய்வது? பக்கத்திலேயே தங்கினாலும், தங்கும் இடத்தில் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் இல்லாவிட்டால் என்ன செய்வது?

மும்பை பரேலில் டாடா நினைவு மருத்துவமனையைச் சுற்றி இதைக் கண்ணால் பார்க்கலாம். பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் நடைபாதையில் பாயை விரித்திருக்கும். புற்றுநோய் நோயாளிக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. ரயிலை விட்டு இறங்கிய பிறகு எங்கே போவது? அந்த இடத்தில்தான் 2006-ல் செயின்ட் ஜூட் இந்தியா குழந்தைகள் பராமரிப்பு மையம் தொடங்கியது. குடும்பத்துக்கு ஒரு தனி இடம், சமைக்கத் தனி அடுப்பு, ரேஷன் சாமான், மருத்துவமனை போய்வர வண்டி, எல்லாம் இலவசம். இப்போது சென்னை, வேலூர் உட்படப் பல ஊர்களில் இருக்கிறது. இதில் அடுப்பு எனக்குப் பிடித்த விஷயம். குழந்தைக்கு வாய்க்கு ருசியாக எதைக் கொடுப்பது என்று அந்த அம்மாதான் தீர்மானிக்கிறாள். யார் கையையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம். பக்கத்து அடுப்பில் அதே சிகிச்சையை ஆறு மாதம் முன்னால் தாண்டி வந்த இன்னொரு அம்மா நிற்பாள். அவள் சொல்கிற தைரியத்தை எந்த நன்கொடையாலும் வாங்க முடியாது.

பணம் செய்வதும் ஆள் செய்வதும்

நன்கொடை வாடகை கட்டும், அரிசி வாங்கும், வண்டிக்கு டீசல் போடும். தன்னார்வலர் தருவது நேரம். அம்மா ஒரு மணி நேரம் தூங்கக் குழந்தையோடு விளையாடுவது, மொழி தெரியாத ஊரில் படிவம் நிரப்பித் தருவது, கூட வந்த அண்ணனுக்குக் கணக்குச் சொல்லித் தருவது. ஒரு குடும்பம் சிகிச்சையை விட்டுப் போகாமல் இருப்பது பெரும்பாலும் இந்தச் சின்ன வேலைகளில் இருக்கிறது.

செய்ய நினைப்பவர்களுக்கு நான் படித்ததில் தேறியது நான்கு விஷயம்:

1. கரடி பொம்மையும் பூங்கொத்தும் வேண்டாம். எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கு அவை கிருமி மூட்டை. வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவதற்கு முன்னும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. 'இதற்கு மட்டும்' என்று கட்டிப்போடாத பணம்தான் அதிகம் உதவும். கரண்ட் பில்லில் யார் பெயரும் பொறிக்க முடியாது, ஆனால் அதைக் கட்டாவிட்டால் வீடே நடக்காது.

3. பிறந்தநாளுக்கு ஒரு தடவை போய் கேக் வெட்டிப் படம் எடுப்பதைவிட, வாரம் ஒரு மணி நேரம் தவறாமல் போவது மேல். படமே எடுக்காதீர்கள். சளி இருந்தால் அந்த வாரம் போகாதீர்கள்.

4. 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 'சாப்ட்டீங்களா, நான் இங்க உக்காந்திருக்கேன், நீங்க போய் குளிச்சிட்டு வாங்க' என்று சொல்லலாம். அதை உங்களால் நிறைவேற்ற முடியும்.

இதையெல்லாம் அரசே செய்ய வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்பதே என் பதில். ஒவ்வொரு பெரிய மருத்துவமனையின் வரைபடத்திலும் படுக்கைகளோடு குடும்பங்கள் தங்கும் அறைகளும் இருக்க வேண்டும். அது வரும்வரை அந்த அப்பா நடைபாதையில்தான் படுத்திருப்பார். உங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டுக்கு வெளியே ராத்திரி பத்து மணிக்கு யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அங்கேயே தெரிந்துவிடும்.