மாங்குளத்தில் கடை போடலாமா?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் புத்தளத்தில் என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள்.

இடம் நல்ல இடம்தான். ஏ-9 வீதியில் முல்லைத்தீவு வீதி பிரியும் சந்தி அது. 2013இல் ரயில் பாதையும் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், சந்தியில் நிற்கும் பஸ்களைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். பயணி தேநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். துணியும் சீமெந்தும் வாங்குபவர் சுற்றுக் கிராமத்து விவசாயி. அவர் கையில் காசு புழங்குவது காலபோக அறுவடைக்குப் பிறகுதான். சிறுபோகத்தில் எவ்வளவு விதைப்பது என்பதை வவுனிக்குளத்தின் நீர்மட்டம் தீர்மானிக்கும்.

எனவே, காணி வாங்க அவசரப்படாமல் கடையை வாடகைக்கு எடுங்கள். அறுவடை வரை கடன் கொடுத்துத் தாக்குப்பிடிக்க முதல் இருந்தால் மட்டுமே போங்கள். குளம் வற்றும் வருடத்தில் உங்கள் கடன் கொப்பிதான் முதலில் கனக்கும்.